குறுக்கே ஓடின நாய்

இருங்கய்யா, ஓட்டு கேட்டு வந்துட்டு அதுக்குள்ள எந்திரிச்சா எப்படி? என் கடை ஒயினைக் குடிச்சீங்கல்ல, நான் சொல்றதையும் கேட்டுட்டுப் போங்க. ஆமா, அந்த நாய் விஷயந்தான். மாட்ரிட்ல உக்காந்து, மிருகத்தை வதைச்சா ஜெயில்னு புதுச் சட்டம் போட்டீங்களே, வேட்டை நாயை மட்டும் ஏன் விட்டீங்க? அதுக்கு வலிக்காதா? பழைய சட்டப்படி அபராதம் கட்டினா முடிஞ்சுது, இல்ல?

வேட்டைக்காரங்க ஓட்டு போயிருமா? வாயைத் திறந்து சொல்லிட்டீங்களே, ரொம்ப சந்தோஷம்!

நீங்க பட்டணத்து ஆளு, உங்களுக்கு என்ன தெரியும்? முயல் எப்படியெல்லாம் வளைஞ்சு ஓடுதோ, வேட்டைக்கு வளக்குற கால்கோ நாயும் அது பின்னாடியே வளையணும். புத்தியுள்ள நாய் குறுக்கே பாஞ்சு மடக்கிரும். முயல் கிடைச்சுதே, போதாதா? போதாதாம்! அழுக்கா ஓடுதுன்னு ஊரே சிரிக்கும், வளத்தவன் மானம் போயிருமாம். பிப்ரவரியில வேட்டை முடிஞ்சதும் அந்த நாயைப் பைன் தோப்புக்கு இழுத்துட்டுப் போவான். கழுத்துல சுருக்குப் போட்டு மரத்துல தொங்கவிடுவான், ஆனா கயித்தை ரொம்ப மேல கட்ட மாட்டான். பின்னங்கால் நுனி தரையில படணும், சீக்கிரம் செத்துரக் கூடாதுல்ல. கால் தட்டிக்கிட்டே கிடக்கும். அதுக்கு பியானோ வாசிக்கிறதுன்னு பேரு வச்சிருக்கானுங்க, பாவிங்க.

மூஞ்சியைத் திருப்பாதீங்க. கயித்தை அறுத்து இறக்கினவளே நான் நின்னு பேசுறேன், உங்களுக்கு என்ன?

பழங்கதையா? இந்த வருசம்யா! நான் இறக்கின நாய்க்குச் சென்டெயான்னு பேரு. இந்தக் கடை வாசல்லதான் படுத்துக் கிடக்கும். தொங்கவிட்டவன் மேல கோர்ட்டுல ருசுவாச்சு. அபராதம் போட்டாங்க, அவ்வளவுதான். எவன் அவன்னு கேக்குறீங்களா? வேற எவன், என் மகன் ஃபெர்மின்.

என்ன அப்படிப் பாக்குறீங்க? பெத்தவ மகனை ஜெயில்ல போடச் சொல்லக் கூடாதா? அபராதத்தை நான்தானய்யா கட்டினேன். அவனுக்கு என்ன வலிச்சுது?

மருமக அரான்சா முழுகாம இருக்கா. நேத்து இந்த வெயில்ல கழுத்துல சால்வையைச் சுத்திக்கிட்டு வந்தா. அவுத்துப் பாத்தேன், விரல் பதிஞ்ச தடம். போலீஸ்ல சொல்லுடின்னா, படியில விழுந்தேன்னு சாதிக்கிறா. அவன் மேல ருசுவானது நாய் கேசு ஒண்ணுதான். அதுக்கு ஜெயில்னு நீங்க எழுதியிருந்தா, புள்ள பொறக்குற வரைக்குமாச்சும் அவன் உள்ள இருந்திருப்பான்.