ஏணியைத் தெருவழியே கொடுப்போம்

நம் குடியிருப்போர் சங்கத்தைக் கட்டிக் காக்கும் தலைவர் அவர்களே! மேடைக்கு அழகு சேர்க்கும் பெரியோர்களே! வேலை முடித்த களைப்போடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! இடமில்லாமல் நின்றே கேட்கும் தம்பிமார்களே! அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

நகரம் வளர்கிறது, நாளும் வளர்கிறது. புதுப்புது மனைகள், புதுப்புது மாடிகள்! தெருக்கள் மட்டும் ஏன் ஐயா சுவரில் போய் முட்டி நிற்கின்றன? பள்ளிக்கூட மணி நம் அடுப்படியில் கேட்கிறது. நம் பிள்ளைகளோ பெருஞ்சாலை வழியே சுற்றி வண்டியில் போகிறார்கள்!

போன மழையில் என் மருமகளுக்குப் பிரசவ வலி. ஆம்புலன்ஸை அழைத்தோம். சைரன் கேட்கிறது, வண்டியைக் காணோம்! ஓட்டுநர் போனில் கத்துகிறார்: "சார், வந்துட்டேன்னு மேப் சொல்லுது. எதிர்ல சுவருதான் நிக்குது. உங்க வீடு எங்க சார்?" சுவருக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நாங்கள். சுற்றி வரலாமென்றால் பெருஞ்சாலையில் முழங்கால் வெள்ளம். பயந்தேன் ஐயா, பயந்தே போனேன்.

அப்போது சுவருக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. அந்தப் பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். "அண்ணே, பயப்படாதீங்க. இந்தாங்க ஏணி. பொண்ண மெல்ல ஏத்திவிடுங்க, நாங்க இங்க மேஜை போட்டுத் தாங்கிக்கிறோம்!" அவர் மனைவி குடை பிடிக்க, நிறைமாதக்காரி சுவரேறிப் போனாள் தாய்மார்களே!

எந்தச் சுவர்? அந்தப் பக்கத்து ஆட்கள் வரக்கூடாதென்று நாம் எழுப்பிய சுவர்! முதல் செங்கல் வைத்தவர் நம் தலைவர்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள் தலைவரே, உண்மையைத்தான் சொல்கிறேன்.

என்ன அங்கே, பின்வரிசையில்? "திருடன் வருவானே" என்கிறீர்களா? ஐயா, திருடன் ஏணியோடு வருவான். ஆம்புலன்ஸ்தான் ஏணி கொண்டு வராது! சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். சிரித்துவிட்டுக் கொஞ்சம் யோசியுங்கள்.

தெருவைத் திறப்போம்! திறந்தால் பள்ளி பக்கம், சந்தை பக்கம், மருத்துவமனை பக்கம். எல்லாவற்றுக்கும் மேலாக மனிதர்கள் பக்கம்! அதோ, முன்வரிசையில் மருமகள் மடியில் தூங்குகிறாளே என் பேத்தி, அவள் அந்தத் தெருவில் நடந்தே பள்ளிக்குப் போக வேண்டாமா?

ஒன்று சொல்லி அமர்கிறேன். அந்த ஏணி இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது. "சுவர் மேலயே கொடுத்துடுங்கண்ணே" என்கிறார் பட்டறைக்காரர். மாட்டேன்! வழி திறக்கும் நாளில் அதைத் தோளில் சுமந்து, தெருவழியே நடந்து, அவர் வாசலில் இறக்குவேன். கூடச் சுமக்க வருகிறவர்கள் கை தூக்குங்கள்!

அடடா... தலைவரே, முதல் கை உங்களுடையதா!

ஏணியின் முன்பக்கம் உங்களுக்குத்தான். நன்றி ஐயா, நன்றி, அனைவருக்கும் வணக்கம்.