கிழக்குப் பள்ளிக்கு 3.4

சாய்ந்து உட்கார நாற்காலி கொடுத்ததற்கு நன்றி சார். எங்கள் அலுவலகத்தில் விசாரணைக்கு வருகிறவர்களுக்கு ஸ்டூல்தான். முதுகுக்கு ஆதரவு கிடைத்தால் பொய் சொல்வார்கள் என்று யாரோ எப்போதோ முடிவு செய்திருக்கிறார்கள்.

நான் கல்லூரி இறுதியாண்டு. மதியத்துக்கு மேல் கல்வி அலுவலகத்தில் தற்காலிக வேலை. இந்தப் புறநகரில் அரசு உயர்நிலைப் பள்ளிகள் நான்கு, திசைக்கு ஒன்று. நான்கையும் ஒப்பிட்டு, பெற்றோர் பார்ப்பதற்காக ஒரே பக்கத்தில் அட்டவணை போட்டு இணையத்தில் ஏற்றுவது என் பொறுப்பு. எங்கள் பிரிவுத் தலைவரை நாங்கள் ‘ஆகட்டும்’ என்போம். எதை நீட்டினாலும் அந்த ஒரு சொல்லோடு கையெழுத்துப் போடுவார். படிக்கச் சொன்னால் கோபித்துக்கொள்வார்.

தேர்ச்சி, வருகை, ஆசிரியர் எண்ணிக்கை எல்லாம் கோப்பிலேயே இருந்தன. ‘பாதுகாப்பு’ என்ற கட்டம்தான் காலி. சென்ற ஆண்டு நடந்த அசம்பாவிதங்களை எழுதும்படி நான்கு பள்ளிகளுக்கும் படிவம் அனுப்பினோம். மூன்று பள்ளிகள் ‘இல்லை’ என்று எழுதி முத்திரை குத்தின. மேற்குப் பள்ளி ஆய்வகத்தில் திரைச்சீலை எரிந்ததை நானே பேருந்திலிருந்து பார்த்திருக்கிறேன். அதுவும் ‘இல்லை’தான். கிழக்குப் பள்ளித் தலைமையாசிரியர் மட்டும் உட்கார்ந்து பதினொன்று எழுதியிருந்தார். ஜன்னல் கண்ணாடி உடைந்தது, விரலில் அமிலம் பட்ட மாணவி, மாடிப்படியில் முட்டிக்கொண்ட இருவர், அடைப்புக்குறிக்குள் ‘சமாதானமாகிவிட்டனர்’. நேர்மையானவர்கள் நிரப்பிய படிவங்களைப் படிப்பது எனக்குப் பிடிக்கும். மூன்று வயதுக் குழந்தை வரைந்த யானையைப் பார்ப்பது போல இருக்கும்.

பாதுகாப்புக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண். மற்ற மூன்றுக்கும் ஒன்பதுக்கு மேல் போட்டேன். கிழக்குக்கு 3.4.

பெற்றோர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ‘இந்தப் பள்ளி மோசம்’ என்று எழுதினால், ‘சொல்ல நீ யார்’ என்று சண்டைக்கு வருவார்கள். புள்ளி வைத்து ஒரு எண் எழுதினால் வாயை மூடிக்கொண்டு வீடு மாறுவார்கள். ஒரு வாரத்துக்குள் எங்கள் குடியிருப்பின் லிஃப்டிலேயே கேட்டேன்.

“கிழக்கு ஸ்கூலா? அது 3.4 ஆச்சேங்க.”

“பாப்பா நல்லாத்தான் படிக்கிறா.”

“படிப்பு கிடக்கட்டும். நாளைக்கு ஒண்ணுன்னா படிப்பா வந்து நிக்கும்?”

எதிலிருந்து 3.4 என்று இருவரும் கேட்கவில்லை. நான் அவர்களுக்கு நடுவில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அந்தச் சேர்க்கையில் கிழக்குப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு பாதி காலி. பள்ளியையே மூடி, இருக்கிற பிள்ளைகளை வடக்குப் பள்ளியோடு இணைப்பதா என்று வெள்ளிக்கிழமை குழு கூடுவதாக இருந்தது.

என் அக்கா கிழக்குப் பள்ளியில் கணக்கு டீச்சர். நான் அவள் வீட்டில்தான் இருக்கிறேன். நானும் அங்கேதான் படித்தேன், மற்றவர்களைவிட ஓராண்டு கூடுதலாகவே. அந்தப் பள்ளியைப் பற்றி எனக்குத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது.

புதன்கிழமை சாப்பாட்டு மேசையில் அக்கா ஒரு தாளை விரித்தாள்.

“நீங்க போட்டிருக்கிற விதிப்படி நாலு தடவை போட்டுப் பாத்துட்டேன். 6.1 வருது. உனக்கு எப்படிடா 3.4 வந்துச்சு?”

“விதியத்தான் வெளிய போடுவோம், கணக்குப் போட்ட வழியக் காட்டுறதில்லக்கா. விடை மட்டும்தான்.”

“விடைய எழுதிட்டு அதுக்குக் கணக்குப் போட்டிருக்க. சின்ன வயசுப் பழக்கம் போகல.”

மாமா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “ஊர்ல எல்லாரும் மச்சானுக்கு வேலை வாங்கிக் குடுப்பாங்க. என் மச்சான் என் பொண்டாட்டி வேலைக்கே ஆப்பு வச்சிட்டான்.”

“வெள்ளிக்கிழமைக்குள்ள மாத்திடு,” என்றாள் அக்கா. “என் வேலை போனா வேற ஸ்கூல் குடுப்பாங்க. பிள்ளைங்க பைபாஸைத் தாண்டி வடக்குக்குப் போகணும்டா. ஆறு லேன். ஒரு சிக்னல் கிடையாது.”

சரி என்றேன். மாற்றவில்லை.

நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். அட்டவணையில் ஆறாவதாக ஒரு கட்டம் இருந்தது: ‘பள்ளிக்கு வரக் கடக்க வேண்டிய சாலைகள்’. வடக்குப் பள்ளிக்கு நேரே ‘பைபாஸ், சிக்னல் இல்லை’ என்று தட்டியவன் நான்தான். புதன் இரவு சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு வந்து அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டேன். பக்கம் பார்க்கச் சுத்தமாகிவிட்டது. குழு உறுப்பினர்கள் ஏழு பேர். ஆளுக்கொரு பிரதி, ஆளுக்கொரு பட்டம். ஒருவராவது ஏதாவது கேட்பார் என்று நான் வாசலிலேயே நின்றிருந்தேன். பிஸ்கட் தீர்ந்துவிட்டதா என்று கேட்டார்கள். ஆகட்டும் கையெழுத்துப் போட்டார்.

பள்ளி இணைந்து பதின்மூன்றாம் நாள் காலை, எட்டேகாலுக்கு, பைபாஸில் தண்ணீர் லாரி. பத்தாம் வகுப்புப் பெண், அந்த இடத்திலேயே. விரலில் அமிலம் பட்டதே, அவள்தான். கிழக்குப் பள்ளியில் அவளுக்கு நடந்ததை ஒருவர் மெனக்கெட்டு எழுதி வைத்திருந்தார், களிம்பு போட்டது உட்பட. வடக்குப் பள்ளியின் இந்த ஆண்டுப் படிவம் போன வாரம் வந்தது. அசம்பாவிதங்கள்: இல்லை. சாலை பள்ளி வளாகத்துக்குள் வராது என்பது அவர்கள் விளக்கம். நான் 9.2 போட்டேன். விதிப்படி அதுதான் வருகிறது, நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஆகவே, எண்ணைப் போட்டவன் நான், கட்டத்தை எடுத்தவன் நான், சாலை எப்படிப்பட்டது என்று தெரிந்தே எடுத்தவனும் நான். இவ்வளவு பேர் இவ்வளவு முட்டாளாக இருக்க முடியுமா என்று பார்க்கத்தான் செய்தேன். முடியும் என்று தெரிந்தது. யார் மேலும் எனக்குத் தனிப்பட்ட கோபம் கிடையாது.

அக்கா அப்படி நினைக்கவில்லை. அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய்விட்டு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் எதிரில் உட்கார்ந்தாள். சத்தம் போடவில்லை. “வேற நம்பரே கிடைக்கலையாடா உனக்கு?” என்று மட்டும் கேட்டாள். அப்புறம் உங்கள் ஸ்டேஷனுக்கு ஃபோன் செய்தாள்.

அவள் எதைச் சொல்கிறாள் என்று உங்கள் கோப்பில் இருக்காது. ஒன்பதாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வில் கணக்கில் எனக்கு நூற்றுக்கு முப்பத்து நான்கு போட்டது அவள்தான். முப்பத்தைந்து எடுத்தால் பாஸ். அம்மாகூடக் கேட்டுப் பார்த்தாள், “ஒரு மார்க்தானேடி” என்று. “வந்தா போட மாட்டேனா” என்றாள் அக்கா.

அதையெல்லாம் நான் அப்போதே மறந்துவிட்டேன் சார். நான்காம் பக்கம், ஆறாவது கணக்கு, கடைசி இரண்டு வரி. விடை சரியாகத்தான் இருந்தது.