நெஞ்சின் குறுக்குவெட்டு

"உனக்குப் போரடிக்கலையாடி?" என்று பெரியம்மா மகள் காமினி அக்கா ஒருமுறை என்னைக் கேட்டாள். இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை. ஒரு நாளில் எனக்குப் பிடித்த நேரமே அதுதான்.

கல்லூரியிலிருந்து வந்து அவள் பசியாறியதும் நாங்கள் சமையலறை மேசையில் எதிரெதிரே உட்காருவோம். அவளிடம் படங்கள் இருக்கும், என்னிடம் புத்தகம் இருக்கும். படங்களில் வெறும் எண்கள்தான். எந்த எண் எந்த உறுப்பு என்ற விடை புத்தகத்தில். அவள் ஒவ்வொன்றாகச் சொல்லி, "சரியா?" என்று கேட்பாள். நான் பார்த்துவிட்டுச் சரி என்றோ தப்பு என்றோ சொல்வேன். மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவளுக்கும் அது முடியும்.

அவள் படித்தது மருத்துவமனையில் ஸ்கேன் எடுக்கும் படிப்பு. பாசாரில் மீன்காரர் தெங்கிரி மீனைக் குறுக்காகத் துண்டு போடுவாரே, அப்படித்தான் அந்த இயந்திரமும் மனித உடம்பைத் துண்டு துண்டாகக் காட்டும். எந்தத் துண்டில் எது எங்கே இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். கூடத்திலிருந்து பெரியம்மா குரல் கொடுப்பார். "சாப்புடுற மேசையில ஈரலு, குடலுன்னுக்கிட்டு. கசாப்புக்கடையா இது?" அக்கா சிரிப்பாள். நானும் சிரிப்பேன்.

என் அம்மாவுக்கு பத்து காவான் என்ற ஊரில் தொழிற்சாலை வேலை. அங்கேயே ஹாஸ்டலில் தங்கிக்கொண்டு என்னைப் பெரியம்மா வீட்டில் விட்டிருந்தார். வகுப்பில் எழுந்து படிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. பிள்ளைகள் சிரித்தார்கள், நான் போவதை நிறுத்திவிட்டேன். அவ்வளவுதான் என் கதை. அந்த வீட்டில் என்னிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருந்தவள் காமினி அக்கா ஒருத்திதான்.

அந்தத் துண்டுகளைப் பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. படுத்திருப்பவரின் காலடியில் நின்று தலைப்பக்கம் பார்ப்பதுபோல் பார்க்க வேண்டும். அவருடைய வலப்பக்கம் நமக்கு இடப்பக்கமாகத் தெரியும். புதிதாகப் படிக்கிறவர்கள் தலைமாட்டில் நிற்பதாக நினைத்து மாற்றிச் சொல்லிவிடுவார்கள். வயிற்றில் தப்பித்துக்கொள்ளலாம். ஈரல் ஒரு பக்கத்தை அடைத்துக்கொண்டு வழி காட்டிவிடும். நெஞ்சில், இதயத்துக்குச் சற்று மேலே, இரண்டு பெரிய ரத்தக்குழாய்கள் அருகருகே இருக்கும். ஒன்று உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெருந்தமனி, அக்கா வாயில் அயோர்ட்டா. மற்றொன்று நுரையீரலுக்குப் போகும் தமனி. அங்கேதான் தடுமாறுவார்கள்.

அந்தப் பாடம் நடந்த அன்று அக்கா கல்லூரிக்குப் போகவில்லை. தேர்வில் தேற வேண்டும் என்று தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்திருந்தாள். வெயிலில் தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடந்து, தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளையும் ஏறி இறங்கியதில் உள்ளங்கால் கொப்பளித்து, மறுநாள் எழுந்து நிற்க முடியவில்லை. அதனால் நெஞ்சை அவள் வீட்டில் தானாகவே படித்தாள். நான் கேட்டேன்.

முதல் தடவை அந்தத் துண்டு வந்தபோது அவள் சிங்கப்பூரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

"பாஸ் பண்ணிட்டா அங்கதான்லா. அஃப்ரீன் இப்பவே ரூம் பாக்க ஆரம்பிச்சிட்டா."

அஃப்ரீன் அவளுடன் படிப்பவள். நான் என்ன செய்வது என்று கேட்டேன்.

"நீ லீவுக்கு வந்து சுத்திப் பாரு. உனக்கு இங்க அம்மா இருக்காங்கல்ல," என்றாள். அம்மா என்று அவள் சொன்னது அவளுடைய அம்மாவை.

பிறகு படத்தைக் கையில் எடுத்தாள். இரண்டு குழாய்களையும் மாற்றிச் சொன்னாள். "சரியா?"

சரி என்றேன்.

அந்தத் தவறை அவள் தலையில் நான் வைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது அவளுடைய தவறு. நான் அதைத் திருத்தவில்லை, அவ்வளவுதான். ஒரு பாடத்தில் தேறாவிட்டால் இன்னொரு பருவம் வீட்டில் இருப்பாள் என்று நினைத்தேன். அப்படி எத்தனையோ பேர் இருக்கிறார்கள், யாரும் அழிந்துபோய்விடவில்லை. அந்தத் துண்டு வந்தபோதெல்லாம் சரி என்றேன். ஒருநாள் அவளுக்கே சந்தேகம் வந்தது. "நல்லாப் பாத்தியாடி?" என்றாள். புத்தகத்தைக் காட்டு என்று அவள் கேட்கவில்லை. நல்லாப் பார்த்தேன் என்றேன். என் சரியைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு அது மனப்பாடமாகிவிட்டது.

தேர்வில் அந்தத் துண்டு வரவில்லை. அவள் தேறினாள். பெரியம்மா கேசரி கிண்டினார், என் பங்கை நான் மூடி வைத்துவிட்டேன்.

அடுத்து மருத்துவமனையில் பயிற்சி. அங்கே என்ன செய்வார்கள் என்று சாப்பிடும்போது அக்கா விளக்குவாள். நுரையீரலில் ரத்தம் கட்டியிருக்கிறதா என்று பார்க்க, கையில் ஒரு மருந்தை ஏற்றுவார்களாம். நுரையீரல் தமனியின் படத்தில் சின்னதாக ஒரு வட்டம் வைக்க வேண்டும். மருந்து அந்த வட்டத்துக்கு வந்ததும் இயந்திரம் படம் எடுக்கத் தொடங்கும். வட்டத்தை வேறு குழாயில் வைத்தால் மருந்து கடந்துபோன பிறகுதான் படம் எடுக்கும்.

எனக்குப் புரிந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். சீனியர் பக்கத்தில் இருப்பார் அல்லவா என்று நினைத்துக்கொண்டேன். அக்காவின் தட்டில் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினேன்.

முனுசாமி என்பவரை நான் பார்த்ததில்லை. தாசேக் கெலுகோரில் லாரி ஓட்டுகிறவர். மூச்சுத் திணறலோடு கொண்டுவந்தார்கள். மகள் அவருடைய செருப்பைக் கையில் பிடித்தபடி வெளியே நின்றாளாம். சீனியர் போன் பேசத் திரும்பிய நேரத்தில் அக்கா வட்டத்தை வைத்தாள். நான் சரி என்று சொன்ன இடத்தில் வைத்தாள்.

படம் உதவவில்லை. அவருக்குச் சிறுநீரகம் பலவீனம், அன்றே மறுபடி மருந்து ஏற்ற முடியாது. வயிற்றில் ரத்தம் கசியும் புண் வேறு இருந்ததால், ரத்தக்கட்டு உண்டா என்று உறுதியாகத் தெரியாமல் ரத்தத்தை இளக்கும் மருந்து கொடுக்க மருத்துவர்கள் தயங்கினார்கள். மறுநாள் பார்க்கலாம் என்றார்கள். மறுநாள் விடிவதற்குள் அவர் இறந்துவிட்டார்.

அந்தப் படத்தால்தான் என்று யாரும் சொல்லவில்லை. அக்கா மட்டும் சொன்னாள். விசாரணை முடியும்வரை பயிற்சிக்கு வர வேண்டாம் என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல் என்னிடம் கேட்டாள்.

"அந்தப் படத்த நான் உங்கிட்ட சரியாத்தானே சொல்லிக்கிட்டிருந்தேன், பிரமி?"

"சரியாத்தான் சொன்னக்கா."

அதனால் அவள் தன் தலைக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நம்பினாள். தெரிந்ததையே கை மாற்றிச் செய்துவிட்டது என்று நம்பினாள். சாலையைக் கடக்கும்போது எந்தப் பக்கம் பார்ப்பது என்று என்னைக் கேட்டாள். சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுச் சரிதானா என்று கேட்டாள். அஃப்ரீன் தனியாகச் சிங்கப்பூர் போனாள். நானும் அக்காவும் சேர்ந்து காய் நறுக்கினோம், துணி மடித்தோம், சாயங்காலம் கர்னி டிரைவில் கடலைப் பார்த்துக்கொண்டு நடந்தோம். சில இரவுகள் முனுசாமியின் மகளை நினைத்து எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தச் செருப்பை அவள் என்ன செய்திருப்பாள் என்று யோசிப்பேன். ஆனாலும் பகலில் நான் சந்தோஷமாக இருந்தேன். அதை மறைப்பது சரியல்ல.

பிறகு கல்லூரியிலிருந்து கூப்பிட்டார்கள். நெஞ்சுப் பகுதியில் மட்டும் ஒரு தேர்வு. அதில் தேறினால் பயிற்சியைத் தொடரலாம், இல்லையென்றால் படிப்பு அதோடு முடிந்தது. அக்கா மறுபடியும் படங்களை எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தாள். புத்தகத்தை என் கையில் கொடுத்தாள்.

அந்தத் துண்டு வந்தது. விரலைப் படத்தின்மேல் வைத்து மெல்ல நகர்த்தினாள்.

"காலுப் பக்கம் நின்னு பாக்கிறோம். அப்போ அவரோட வலது, என்னோட இடது." தனக்குத்தானே பேசிக்கொண்டாள். "இது அயோர்ட்டா. இதுதான் நுரையீரலுக்குப் போறது. சரியா?"

முதல் தடவையாக அவள் அதைச் சரியாகச் சொன்னாள்.

"தப்பு," என்றேன்.

எனக்குக் காரணம் இருந்தது. பொத்தானைப் போடுவதற்கே என்னைக் கேட்கிறவள் நோயாளிகளிடம் போகலாமா? இன்னொரு முனுசாமி சாக வேண்டுமா? அந்த நேரத்தில் நான் அவர்களைத்தான் நினைத்தேன். முகம் தெரியாத அத்தனை பேரையும்.

அக்கா அழவில்லை. கையை நீட்டிப் புத்தகத்தை என்னிடமிருந்து இழுத்தாள். நான் இறுக்கிப் பிடித்துக்கொள்ளவில்லை. அவள் பக்கத்தைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், மறுபடி பக்கத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஏன் என்று கேட்பாள் என்று நினைத்தேன், சொல்வதற்குத் தயாராக இருந்தேன். இந்தத் தடவை என் குரல் வந்திருக்கும்.

அவள் கேட்கவில்லை. படங்களை ஒழுங்காக அடுக்கிப் புத்தகத்துக்குள் வைத்தாள். பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கதவை மெதுவாகத்தான் சாத்தினாள். அவளுக்கு என்மேல் கோபம் இல்லை என்று அதிலிருந்தே தெரிந்துகொண்டேன்.