போனவன் வேற ஆள்

— ஆடாம நில்லு ஆர்லோ. டை மூணாவது தடவை அவுந்து போச்சு.

— நானா ஆடறேன்? அது வந்து லெட்டி, பத்து மணிக்கு கம்யூனிஸ்டுங்களைத் தேடிப் பிடிக்கற அரசாங்கக் கமிட்டி முன்னாடி உட்காரணும்.

— இங்க பாரு, உன் மூஞ்சியே காட்டிக் குடுத்துடும். கம்யூனிஸ்ட் கூட்டத்துக்குப் போனியான்னு தானே கேப்பாங்க? இல்லைன்னு சொல்லிடு.

— போனேனே. முப்பத்தஞ்சாம் வருஷம், மாலரி வீட்டு நிலவறையில. ஏழு பேர் இருந்தோம்.

— தெரியும், நான் சுட்ட கேக்கைத்தானே தின்னீங்க. பதினெட்டு வருஷம் ஆச்சு. மனுஷன்கறவன் கல்லு மாதிரி ஒரு பொருள் இல்ல, நடந்துகிட்டே இருக்கறவன், நேத்து இருந்தவன் இன்னிக்கு இல்லைன்னு புத்தகம் எழுதினது யாரு? அந்தக் கூட்டத்துக்குப் போனவன் வேற ஆள்னு சொல்லிட்டு வா.

— வக்கீலுங்க சிரிப்பாங்க.

— சிரிக்கட்டுமே. காலேஜ் வேலை தப்பிக்கும்ல?

— அது வந்து, புத்தகத்துல பாதிதான் அது. மீதியை டைப் அடிக்கறப்ப தூங்கிட்டியா? போனவன் போயிடுவான். அவன் செஞ்சது அடுத்து வர்றவனுக்குள்ள இறங்கிடும். காபியில கரைஞ்ச சர்க்கரையைத் திரும்ப எடுக்க முடியுமா?

— எனக்கு கிளாஸ் எடுக்காத.

— போனேன்னு ஒத்துக்கப் போறேன். கூட இருந்தவங்க பேரை மட்டும் சொல்ல மாட்டேன். ஜெயில்ல போட்டாலும் சரி.

— ஜெயில்னு சொல்லாத. கேக்கவே பயமா இருக்கு.

— எனக்கு மட்டும் என்ன? பயமாத்தான் இருக்கு. ஆனா மாலரிக்கு மூணு குழந்தைங்க. அவன் பேரு என் வாயில வந்துட்டா, அப்புறம் நான் யார் மூஞ்சியில முழிக்கறது?

— அவங்க உன்கிட்ட பேரு கேக்க மாட்டாங்க.

— உனக்கெப்படித் தெரியும்?

— கோட்டைப் போடு, நேரமாச்சு.

— லெட்டி, என்னைப் பாரு. எப்படித் தெரியும்?

— நேத்து நீ காலேஜ்ல இருந்தப்ப கமிட்டியிலேர்ந்து ரெண்டு பேர் வந்தாங்க. தொப்பியைக் கழட்டிட்டு மரியாதையாத்தான் பேசினாங்க. உன்னை உள்ள தள்ளாம இருக்க இது ஒண்ணுதான் வழின்னாங்க.

— நீ என்ன சொன்ன?

— உன்னை ஜெயிலுக்கு அனுப்பிட்டு நான் என்ன பண்றது ஆர்லோ?

— என்ன சொன்னன்னு கேக்கறேன்.

— ஆறு பேரையும் சொல்லிட்டேன். மாலரியைத்தான் முதல்ல. இங்க பாரு, சொன்னவ நேத்து இருந்தவ, இவ இல்லைன்னு சொல்லு. உன் வாயால ஒரு தடவை சொல்லு.