ஆடிப்பெருக்குக்கு வந்த முதலை

நான் பிச்சமுத்து, வயது 64, பொன்மலை ரயில்வே பணிமனையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். திருச்சி, வாய்க்கால்கரைத் தெருவில் மனைவி அழகம்மாளுடன் குடியிருக்கிறேன். கழிவுநீர்க் குழாயை அடைத்ததாக என் மீது வந்த புகாரின் பேரில் ஆய்வாளர் பிரேமலதா முன்பு ஆஜராகி, எவரும் நம்ப முடியாததை மட்டுமே சொல்வேன் என்று உறுதி கூறிச் சொல்வதாவது:

முன்பு எங்கள் தெருவை ஒட்டி ஓடும் உய்யக்கொண்டான் வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு தெளிவு என்றால், படித்துறையில் நின்றபடியே கெண்டை மீன் நேற்று என்ன தின்றது என்று பார்க்கலாம். ஆடிப்பெருக்கன்று ஸ்ரீரங்கத்துப் பெண்கள் அம்மா மண்டபத்தை விட்டுவிட்டுக் காப்பரிசியோடு இங்கே வந்து தாலிக்கயிறு மாற்றினார்கள். பொறாமையில் காவிரி ஒரு முழம் வற்றியது. அதன் பிறகு மேலே பங்களாக் காலனி வந்து, அதன் கழிவுநீர்க் குழாயை எங்கள் படித்துறைக்கு நேராக வைத்தார்கள். நாங்கள் கொடுத்த மனுக்களை அடுக்கினால் உச்சிப்பிள்ளையாரே அண்ணாந்து பார்க்க வேண்டும்.

அதன் பிறகு அழகம்மாள் வருடந்தோறும் பஸ் ஏறி அம்மா மண்டபம் போய்வந்தாள். இந்த வருடம் முழங்கால் வீங்கி பஸ் படி ஏற முடியவில்லை. "நம்ம படித்துறையில மாத்திக்கலாம்னா, இந்த நாத்தத்துல எப்படிங்க?" என்று சொல்லி, வாங்கி வைத்த மஞ்சள் கயிற்றை டப்பாவில் போட்டு மூடினாள். அன்று மாலை முக்கொம்பிலிருந்து முப்பதடி முதலை ஒன்று நீந்தி வந்து, முகம் சுளித்து, குழாய்க்குள் வாலை நுழைத்து அடைத்துக்கொண்டது.

மறுநாள் ஆடிப்பெருக்கு. விடிந்து கொஞ்ச நேரத்தில் காலனி பீமராவ் வந்து, "எங்க ஹாலுக்குள்ள சாக்கடை வந்துடுச்சுங்க" என்றார். "எங்க வீட்டுக்கு என் மக கல்யாணத்துக்கே வந்துடுச்சு சார். நீங்கதான் லேட்டு" என்றேன். அவர் ஒரே ஒரு போன் செய்தார். என் டீ ஆறுவதற்குள் லாரி, இன்ஜினியர், பம்பு எல்லாம் வந்தன. மத்தியானத்துக்குள் குழாய் பழையபடி எங்கள் படித்துறையில் கொட்டியது.

அதன் பிறகு, குழாயை அடைத்திருந்த, ரயில்வே முத்திரை போட்ட ரப்பர்த் துண்டைக் காட்டி, "முதலைகிட்ட இது எப்படி ஐயா வந்துச்சு?" என்று ஆய்வாளர் கேட்டதற்கு, "பொன்மலைப் பக்கம் சுத்திட்டு வந்திருக்கும்மா" என்றேன்.

மேற்கண்டதைப் படிக்கக் கேட்டேன். முதலை, கெண்டை, காவிரியின் பொறாமை ஆகியவற்றை நீக்கிக்கொள்ளலாம். அன்று காலை, லாரி வருமுன், அழகம்மாள் எங்கள் படித்துறையில் கால் நனைய உட்கார்ந்து கயிறு மாற்றிக்கொண்டு, ஒரு கை தண்ணீர் அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடமும் நீட்டினாள். நாற்றம் இல்லை. அது ஒன்று மட்டும் உண்மை.

(ஒப்பம்) பிச்சமுத்து