வாஷருக்கு அடியில்

பழைய லாரியில் விளக்கு மினுக்கினால் எல்லோரும் முதலில் பல்பைத்தான் திட்டுகிறார்கள். பல்பு பாவம், சார். பத்து வண்டியில் எட்டுக்கு எர்த்தில்தான் கோளாறு. பேட்டரியிலிருந்து போன கரண்ட் வண்டியின் இரும்பு வழியாகத் திரும்பி வரவேண்டும். அதற்காக ஒயரின் நுனியை வண்டியின் அடிச்சட்டமான சேஸில் ஒரு போல்ட் போட்டு இறுக்கியிருப்போம். அங்கே கொஞ்சம் துரு பிடித்தால் போதும், விளக்கு எரியும், அணையும், குலுங்கினால் மறுபடி எரியும்.

அரக்கோணம் ரோட்டில் இருபத்தாறு வருடமாக லாரிகளுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். இதையெல்லாம் நான் சொல்லும்போது காது கொடுத்துக் கேட்ட ஒரே ஆள் துளசிங்கம் அண்ணன். நீங்கள் பிடித்து வைத்திருக்கிற அதே துளசிங்கம்தான். பொதட்டூர்பேட்டையிலிருந்து லாரியில் லுங்கி பேல் கட்டுகளை ஏற்றிப்போகிறவர். மற்ற டிரைவர்கள் வண்டியை விட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார்கள். அவர் பழைய பேட்டரி மேல் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். கேள்வி கேட்பார். வீட்டில் எனக்கு ஆள் இல்லை என்று நினைக்கவேண்டாம். மனைவி வரலட்சுமி இருக்கிறாள், இரண்டு மகன்கள் இருக்கிறார்கள். சோறு ஆறுகிறது என்பார்கள். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

மூன்று வருடத்துக்கு முன் அவர் லாரியின் ஒயரிங்கை நானே பிரித்து மாற்றினேன். நல்ல வேலை. அதன்பிறகு ஐந்து மாதம் அவர் என் கடைப்பக்கம் வரவில்லை. கோளாறு இல்லாத வண்டியை ஏன் கொண்டுவரப் போகிறார்? ஆடிக் கிருத்திகைக்கு மலைக்குப் போகும்போது கடையைத் தாண்டித்தான் போனார். கை அசைத்தார், அவ்வளவுதான்.

அடுத்த முறை ஹாரன் ரிப்பேருக்கு வந்தபோது முன் விளக்கின் எர்த் போல்ட்டைக் கழற்றி, வாஷருக்கு அடியில் வார்னிஷ் தடவி மறுபடி இறுக்கினேன். டைனமோ காயிலுக்கு ஊற்றுகிற வார்னிஷ்தான். கரண்ட் அதைத் தாண்டாது. ஓரத்தில் மட்டும் துளி இரும்பு படுகிற மாதிரி விட்டேன். பார்த்தால் போல்ட் கெட்டியாக இருக்கும். எவனுக்கும் சந்தேகம் வராது.

பத்து நாளில் வந்தார். "சடகோபா, பள்ளிப்பட்டு தாண்டி வந்துகினே இருக்கேன், பொட்டுனு அணைஞ்சி பூட்ச்சிப்பா. இன்னா கோவம் இதுக்கு?"

"எறங்கி வாண்ணே, பாக்கலாம்" என்றேன். டெஸ்ட் லாம்பை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் தேடினேன். ஃபியூஸ், ரிலே, சுவிட்ச் என்று ஒவ்வொன்றாகக் காட்டி விளக்கினேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதற்குக் கூலி வாங்கியதில்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டு வருடத்துக்கு மேல் இப்படியே போயிற்று. யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

ஐப்பசியில் ஒருநாள் வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார். "உன் மேல கொறை இல்லப்பா. அரக்கோணத்துல முக்தார் பாய் மொத்தமா அவுத்துப் பாக்கறாராம். வியாழக்கெழம வண்டிய உட்டுடலாம்னு இருக்கேன்."

முக்தார் அகமது நல்ல வேலைக்காரர். முதலில் எல்லா எர்த் போல்ட்டையும் கழற்றிச் சுரண்டுவார். "ஒரு நாள் குடுண்ணே, நானே முடிச்சிடறேன்" என்றேன். முன்பக்கத்து வார்னிஷை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்தேன். முன் விளக்கு அன்றுபோல் என்றும் எரிந்ததில்லை. வாஷருக்கு அடியில் வார்னிஷ் தடவுகிற அதே வேலையைப் பின்பக்க எர்த்தில் செய்தேன். பின் விளக்கு அணைந்தால் டிரைவருக்குத் தெரியாது. பின்னால் வருகிறவர் யாராவது சொல்வார், அண்ணன் என்னிடம் வருவார். அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

"நீ கைய வெச்சா வெச்சதுதான்யா. அரக்கோணமும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

பன்னிரண்டாம் நாள், சாயங்காலம் ஆறரை மணி, மழை. கே.ஜி.கண்டிகைக்குப் பக்கத்தில் டயர் பஞ்சராகி ரோட்டோரம் நிறுத்தியிருக்கிறார். டாஷ்போர்டில் விளக்கு எரிவதாகத்தான் காட்டியிருக்கும். பின்னால் ரேடியம் ஸ்டிக்கரில் சேறு அப்பியிருந்தது. பைக்கில் வந்த கதிரவனும் அவர் மனைவி தமிழ்செல்வியும் அப்படியே லாரிக்குள் போய்விட்டார்கள். இரண்டு பேரும் அங்கேயே முடிந்தார்கள்.

மறுநாள் ஆர்.டி.ஓ. ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைச் சோதித்தபோது பின் விளக்கு பளிச்சென்று எரிந்தது. மோதிய குலுக்கலில் இரும்பு பட்டிருக்கும். நீங்கள் என்னிடம் வந்து கேட்டீர்கள். வண்டியில் கோளாறு இல்லை, அவர் சுவிட்சைப் போட்டிருக்கமாட்டார் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதை வைத்துத்தான் அவரை ரிமாண்ட் செய்தீர்கள்.

ஏழு வாரமாக, புதன்கிழமை தவறாமல் கிளைச்சிறையில் மனு போட்டு அவரைப் பார்க்கிறேன். பத்து நிமிடம் தருவார்கள். எனக்கு முன்பே கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பார். மெலிந்துவிட்டார். "நான் சுச்சு போட்டேன்னுதாம்ப்பா ஞாபகம். இல்ல, மழையில மறந்துட்டனா?" என்று ஒவ்வொரு வாரமும் கேட்பார்.

"வயசாவுதுல்லண்ணே" என்பேன். தலையை ஆட்டிக்கொள்வார்.

செத்தவர்களை நினைத்தாயா என்று சற்றுமுன் கேட்டீர்கள். நினைத்துப் பார்த்தேன். எனக்கு அவர்களைத் தெரியாது.

போன புதன்கிழமை, ஜாமீன் கிடைத்துவிடும் என்று வக்கீல் சொன்னதாகச் சொன்னார். வந்ததும் லாரியை விற்றுவிட்டு ஓசூரில் மகள் புஷ்பலதாவோடு போய் இருக்கப் போகிறாராம். "இனிமே ஸ்டியரிங்கையே தொடமாட்டேன், சடகோபா." அதைச் சொல்லும்போது முகம் தெளிவாக இருந்தது. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதனால்தான் இன்று நானே வந்தேன். லாரி உங்கள் ஸ்டேஷன் வாசலில்தான் நிற்கிறது. பின்பக்கம், இடது சேஸ், பதின்மூன்றாம் நம்பர் ஸ்பேனர் போல்ட். கழற்றினால் வாஷருக்கு அடியில் தேன் நிறத்தில் ஒட்டியிருக்கும். செய்தது நான். இரண்டு உயிர் போனதும் என்னால்தான், அவர் உள்ளே கிடப்பதும் என்னால்தான். அவரை இன்றே விட்டுவிடுங்கள்.

விடும்போது இந்த வாக்குமூலத்தை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். கோபம் வரும், ஓசூர் தூரம்தான். ஆனாலும் என்னைப் பார்க்க வராமல் இருக்கமாட்டார். என்னை எந்தச் சிறையில் வைக்கிறீர்கள், அங்கே மனு எந்தக் கிழமை என்பதை மட்டும் ஒரு சீட்டில் எழுதி அவர் கையில் கொடுத்துவிடுங்கள், சார்.