எத்தனை விரல்

— அதெல்லாம் முடியாதுங்க. எனக்கு அந்த நீள லென்ஸ்தான் வேணும். ஆறு வருஷமா ஏங்கிக்கிட்டிருக்கேன்.

— லென்ஸ் எங்க ஓடியா போயிடும்? மொதல்ல கேமராவை மாத்துவோம்னு சொல்றேன்.

— பதினெட்டு வருஷம் பஸ் ஓட்டின மனுஷன், இன்னிக்கு என்ன திடீர்னு கேமரா மேதை ஆயிட்டீங்க? தம்பி, நீங்களே சொல்லுங்க. ரெண்டுல ஒண்ணுதான் எங்களால முடியும்.

— ஒரு நிமிஷம் மேடம். என்ன எடுப்பீங்க, எப்ப எடுப்பீங்க? அதைச் சொல்லுங்க.

— ஆந்தை. ஏரிக்கரையில ஒரு பட்ட மரம், அதுல பொந்து. பொழுது சாயற நேரத்துல வெளிய வந்து உட்காரும். ஞாயித்துக்கிழமை தவறாம நானும் இவரும் போவோம். படத்துல பார்த்தா பொட்டு மாதிரி இருக்கு. கிட்டப் போனா பறந்துடுது.

— நீள லென்ஸ் கிட்டக் கொண்டுவரும், வாஸ்தவம். ஆனா இந்த விலைக்கு வர்றதுக்கு வாய் சின்னது மேடம். வெளிச்சம் கம்மியாத்தான் உள்ள போகும், அந்நேரத்துக்குப் படம் கலங்கும். உங்க பழைய கேமராவுல வெளிச்சத்தைக் கூட்ட ஐஎஸ்ஓ ஏத்தினா மணல் தூவின மாதிரி புள்ளி வேற வரும். இந்தப் புதுசு இருட்டைத் தாங்கும். உங்ககிட்ட இருக்கிற லென்ஸையே ஒரு அடாப்டர் போட்டு மாட்டிக்கலாம்.

— ரைட்டு. கேட்டுக்கிட்டியா?

— கேட்டேன், கேட்டேன். ஆந்தை அப்பவும் பொட்டாத்தானே இருக்கும்?

— தெளிவான பொட்டா இருக்கும் மேடம். வெட்டிப் பெரிசு பண்ணிக்கலாம்.

— நீங்களும் அவர் கட்சியா? சரியாப் போச்சு.

— தம்பி, அந்தக் கண்ணு வெச்சுப் பார்க்கிற இடத்தைப் பத்தியும் சொல்லுங்க. அதான் முக்கியம்.

— அதுவா சார்? பழசுல வெறும் கண்ணாடி. உங்க கண்ணுக்கு என்ன தெரியுதோ அதேதான் அதுலயும். இதுல உள்ள ஒரு குட்டி ஸ்க்ரீன் இருக்கு. இருட்டையும் வெளிச்சமாக்கிக் காட்டும்.

— என் கண்ணு நல்லாத்தான் இருக்கு, எனக்கு எதுக்கு அது? போன வாரம் எங்ககூட வந்த பல் டாக்டர், பாருங்கன்னு இவர் கையில தன்னோட கேமராவைக் குடுத்தார், இதே மாதிரிதான். அதுலேருந்து இதே பேச்சு. திருப்பிக் குடுக்க மனசே வரல இவருக்கு. கண்ணுல ஒட்டி வெச்சுக்கிட்டு நின்னார். அவர் பாவம், படம் எடுக்க முடியாம தவிச்சுட்டார்.

— பேசிக்கிட்டு நிக்கறதுக்கு, பார்த்தே முடிவு பண்ணிடலாமே. பின்னாடி ஸ்டாக் ரூமுக்கு வாங்க ரெண்டு பேரும். இந்தச் சின்ன லென்ஸ் வெளிச்சத்தை நல்லா வாங்கும், இதை மாட்டித் தர்றேன். மேடம், நீங்க அந்தச் சுவர்கிட்ட. சார், கேமராவைப் பிடிச்சுக்கிட்டு இங்கயே நில்லுங்க. லைட்டை அணைக்கட்டுமா?

— அணைங்க. அட, கதவிடுக்குல வெளிச்சம் வருதே தம்பி. நீங்க ரெண்டு பேரும் எனக்கு நல்லாவே தெரியறீங்க.

— அந்தக் கொஞ்சமாவது வேணும் மேடம். அதுவும் இல்லாட்டி எந்தக் கேமராவாலயும் ஆகாது.

— ஏங்க, அங்க எங்க பார்க்கறீங்க? நான் இந்தப் பக்கம் இருக்கேன்.

— தெரியுது, தெரியுது.

— தெரியுதா? அப்ப கேமரா இல்லாமயே சொல்லுங்க. எத்தனை விரல் காட்டறேன்?

— விரலா... மூணு.

— மூணா?

— இல்ல, நாலு. நாலுதான்.

— நான் கையைத் தூக்கவே இல்லங்க. என்ன ஆச்சு, சொல்லுங்க.

— என்னத்தைச் சொல்ல? பொழுது சாஞ்சா எனக்குக் கண்ணு தெரியறதில்ல. நாலு வருஷமாச்சு.

— அப்ப முதுகு வலின்னு வண்டியை விட்டுட்டு டெப்போ ஆபீஸ்ல போய் உட்கார்ந்தது?

— முதுகு நல்லாத்தான் இருக்கு. பகல்ல ஒண்ணும் பயமில்ல, இது கூடினாலும் மெதுவாத்தான் கூடும்னு கண் டாக்டர் சொல்லியிருக்கார்.

— நான் ஆந்தையைக் காட்டறப்ப எல்லாம் ஆமா, அழகா இருக்குன்னு சொல்லுவீங்களே.

— நீ சொல்லச் சொல்ல பார்த்த மாதிரியே இருக்கும். நிஜமா பார்த்தது போன வாரம்தான், பல் டாக்டர் கேமராவுல. தலையைத் திருப்பி என்னையே முறைச்சுது. நீ சொன்ன மாதிரியேதான் இருந்துது.

— திரும்பி வர்றப்ப என் தோளைப் பிடிச்சுக்கிட்டே நடப்பீங்க. ஆசையாக்கும்னு நெனச்சேன்.

— ஆசையும்தான்.

— என்கிட்ட ஏன் சொல்லல?

— சொன்னா நீ ஏரிக்கரைக்குப் போறதையே விட்டுடுவே. உன்னை எனக்குத் தெரியாதா?

— சார், நான் வேணா வெளிய இருக்கேன்...

— இருங்க தம்பி. ஏங்க, அந்தக் கேமராவைக் கண்ணுல வையுங்க. இந்தப் பக்கம் திரும்புங்க. இப்பச் சொல்லுங்க, எத்தனை விரல்?

— விரல் ஒண்ணும் இல்ல. கையால வாயைப் பொத்திக்கிட்டு நிக்கறே. அழாத.

— மேடம், லைட்டைப் போடட்டுமா?

— வேணாம் தம்பி, இப்படியே இருக்கட்டும். இவர் பார்த்து முடிக்கட்டும். அப்புறம் இந்தக் கேமராவுக்கே பில் போடலாம்.